அவர் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடாதீர்கள்

தமிழ்நாட்டின் மகளிர் காவல் நிலையங்களில் பணிபுரியும் ஆய்வாளர்கள், உதவி ஆய்வாளர்கள், காவலர்களுக்கும், சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலர்களுக்கும் வணக்கம்.

குடும்ப வன்முறையிலிருந்து வெளியேறிய பெண்களுக்குச் சட்ட உதவித் தன்னார்வலராகத் துணைக்குப் போகிறவள் நான். மனு எழுதிக் கொடுப்பது, கோர்ட்டுக்குக் கூடப் போவது, உங்கள் நிலையத்து பெஞ்சில் அவர்களோடு காத்திருப்பது, இவைதான் என் வேலை. சாப்பாட்டு நேரத்தையும் விட்டுவிட்டு ஒரு பெண்ணுக்காகப் போனில் மன்றாடிய ஏட்டம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மரியாதையோடும் கொஞ்சம் உரிமையோடும் இதை எழுதுகிறேன்.

காணவில்லை புகாரிலிருந்து தொடங்குகிறேன். அடி தாங்காமல் ஒரு பெண் வீட்டை விட்டுப் போன மறுநாள், சில சமயம் அன்று இரவே, கணவர் ஸ்டேஷனுக்கு வந்து, 'என் மனைவியைக் காணவில்லை' என்று எழுதிக் கொடுக்கிறார். போட்டோ தருகிறார், செல் நம்பர் தருகிறார். கூடவே அழுகிற அம்மாவையும் அழைத்து வருகிறார். நீங்கள் உங்கள் கடமையைச் செய்கிறீர்கள். நம்பர் மேலே போகிறது, டவர் லொக்கேஷன் வருகிறது, பெண் இருக்கும் ஊர் தெரிந்துவிடுகிறது. அதுவரை எல்லாம் சரி. அதன் பிறகு அந்த ஊர்ப் பெயர் கணவரின் காதுக்குப் போகிறதே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒரு நிலையத்தில் இது என் கண் முன்னால் நடந்தது. ஊர் பெயர் வேண்டாம். பெண் தன் சிநேகிதி வீட்டில் இருந்தார். பழைய நம்பரை ஆன் செய்தது பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் பேசுவதற்காக, ஒரே ஒரு முறை. தேடிப் பிடித்த காவலர் நல்ல மனதோடுதான் கணவரை அழைத்தார்: "சார், உங்க வீட்டம்மா இன்ன ஊர்ல பஸ் ஸ்டாண்டு பக்கம்தான் இருக்காங்க. நீங்க போய்ப் பேசிக் கூட்டிட்டு வாங்க." சேர்த்து வைக்கிறோம் என்று அவர் நினைத்தார். கணவர் மூன்று பேரோடு காரில் போனார். தெருவே பார்க்க அந்தப் பெண்ணை வண்டியில் ஏற்றியதையும், சிநேகிதியின் கை முறுக்கப்பட்டதையும் பிறகு மனுவில் எழுதியது நான்தான்.

பதினெட்டு வயது நிறைந்த ஒரு பெண் தன் விருப்பத்தில் வீட்டை விட்டுப் போனால் அவர் காணாமல் போனவர் அல்ல, போனவர் மட்டுமே. அவர் உயிரோடு, பத்திரமாக இருக்கிறாரா, யாராவது கட்டாயப்படுத்தி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது உங்கள் கடமை. அதற்கு அவரிடமே பேசினால் போதும். அவர் இருக்கும் ஊரின் மகளிர் நிலையத்திலிருந்து ஒரு பெண் அலுவலர் போய் வாக்குமூலம் வாங்கி அனுப்பலாம். புகார் கொடுத்தவரிடம் சொல்ல வேண்டியது ஒரே வரி: 'அவர் பத்திரமாக இருக்கிறார், தன் விருப்பத்தில் போயிருக்கிறார்.' எந்த ஊர், யார் வீடு, புது நம்பர் என்ன என்று கேட்டால் சொல்ல வேண்டியதில்லை. அதையே மாமியார் கேட்டாலும், ஊர்ப் பெரியவர் கேட்டாலும், கட்சிக்காரர் கேட்டாலும், வேறு ஸ்டேஷனில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் கேட்டாலும் அதே பதில்தான்.

அந்தச் சித்தப்பா மகனைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருவரின் அழைப்பு விவரங்களைக் கேட்டுப் பெற, காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்ற கட்டுப்பாடு ஏற்கனவே இருக்கிறது. 2013இல் டெல்லியில் ஓர் அரசியல் தலைவரின் அழைப்பு விவரங்கள் திருட்டுத்தனமாக எடுக்கப்பட்ட விவகாரத்துக்குப் பிறகு இது இறுக்கப்பட்டது. பெரிய மனிதர்களுக்காக இறுக்கியதை, ஓடி ஒளிந்திருக்கும் பெண்ணுக்காகவும் இறுக்கமாகவே வைத்திருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இதற்கு முன்மாதிரியும் நம் சட்டத்திலேயே இருக்கிறது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டு விதிகள், பெண் விரும்பினால் அவர் யார், எங்கே தங்கியிருக்கிறார் என்பதை எதிர்த் தரப்புக்குக் காப்பகம் சொல்லக் கூடாது என்கின்றன. காப்பகத்துக்குச் சொன்னதை ஸ்டேஷனிலும் கடைப்பிடித்தால் என்ன?

இனி போன் விஷயம். "என் போனை ஹேக் பண்ணிட்டார் மேடம்" என்று ஒரு பெண் சொன்னால் பல இடங்களில் பதிலாக வருவது ஒரு சிரிப்பு. 'அவரு பெயின்டர்மா, ஹேக் பண்ணுவாரா?' என்பார்கள். பெரும்பாலும் ஹேக் செய்யவே தேவைப்படுவதில்லை என்பதுதான் உண்மை. போனை வாங்கிக் கொடுத்தவர் அவர். சிம் அவர் பெயரில். ஜிமெயில் கணக்கைத் தொடங்கியதும் அவர்தான், பாஸ்வேர்டு மறந்தால் ஓடிபி வருவது அவருடைய நம்பருக்கு. அந்த ஒரு ஜிமெயில் கையில் இருந்தால், தொலைந்த போனைத் தேடித் தருவதற்காக கூகுள் வைத்திருக்கும் வசதியிலேயே மனைவி இருக்கும் தெருவைப் பார்த்துவிடலாம். எடுத்த போட்டோக்கள் தானாகப் போய்ச் சேரும் இடமும் அதுதான். யூடியூபில் 'விவாகரத்துக்கு எங்கே போவது' என்று தேடியதும் அதில் தெரியும்.

போன மாதம் ஒரு பெண்ணின் வாட்ஸ்அப்பைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்துக்குப் போனோம். 'குரோம், விண்டோஸ்' என்று ஒரு வரி இருந்தது. கடைசியாகச் செயலில் இருந்தது அன்று காலை. அந்தப் பெண் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. கணவரின் கடையில்தான் கம்ப்யூட்டர் இருக்கிறது. வக்கீலுக்கு அனுப்பிய ஒவ்வொரு செய்தியையும், அம்மாவிடம் அழுத குரல் பதிவுகளையும், நாங்கள் ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு வருகிறோம் என்பதையும் அவர் கடையில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். 'நான் எங்கே போனாலும் அவருக்கு முன்னாடியே தெரியுதுக்கா' என்று அந்தப் பெண் பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பயத்தில் பேசுகிறார் என்று சுற்றியிருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தத் திரையைத் திறந்து பார்க்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

உளவுச் செயலிகளும் இருக்கின்றன. பிள்ளைகளைக் கவனிக்க என்று சொல்லி விற்கப்படும் செயலியை, மனைவி குளிக்கப் போன நேரத்தில் அவர் போனில் ஏற்றிவிடலாம். பெரும்பாலும் போன் சில நிமிஷம் கையில் கிடைத்து, லாக் எண்ணும் தெரிந்தால் போதும். ஐகான் தெரியாது, ஏதோ சிஸ்டம் சர்வீஸ் என்ற மாதிரிப் பெயரில் உள்ளே கிடக்கும். ஸ்கூட்டியின் சீட்டுக்கு அடியிலோ நம்பர் பிளேட்டுக்குப் பின்னாலோ ஒட்டி வைக்கும் ஜிபிஎஸ் கருவிகளும் ஆன்லைனில் சாதாரணமாகக் கிடைக்கின்றன. ஏர்டேக் போன்ற, இருப்பிடம் காட்டும் சின்னக் கருவிகள் கூடவே வந்தால் எச்சரிக்கும் வசதி 2024 மே முதல் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் வந்துவிட்டது. ஆனால் உள்ளே சிம் போட்டு ஓடும் மலிவான ஜிபிஎஸ் கருவிக்கு எந்த எச்சரிக்கையும் வராது. கையால் தடவித்தான் தேட வேண்டும்.

இவை எல்லோரும் பேசுகிறவை. யாரும் பேசாதது, நம் அன்றாடத்தின் குறுஞ்செய்திகள். ரேஷன் கடையில் பொருள் வாங்கினால் ஸ்மார்ட் கார்டில் பதிந்த நம்பருக்கு எஸ்எம்எஸ் போகிறது. சிலிண்டர் வந்தால் அதற்கான எண் போகிறது. வங்கிக் கணக்கில் கணவரின் நம்பர் இருந்தால், மகளிர் உரிமைத் தொகை ஏறியதும், அதை எந்த ஊர் ஏடிஎம்மில் எடுத்தார் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். கூட்டுக் கணக்கிலிருந்து ஜிபே செய்தால் மளிகைக் கடையின் பெயரே ஸ்டேட்மென்டில் வந்து நிற்கும். ஆதாரில் அவர் நம்பர் இருக்கும் வரை எந்த விண்ணப்பத்துக்கும் ஓடிபி அவரிடம்தான் போகும். புதுப் பள்ளியில் சேர்த்த பிள்ளைக்குப் பழைய படிவத்தைப் பார்த்து அப்பா நம்பரை ஏற்றினால், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவரும் வந்து சேர்வார். பெண்களுக்கான கட்டணமில்லா நகரப் பேருந்து இந்த விஷயத்தில் எவ்வளவு பெரிய உதவி என்பதை அதைத் தொடங்கியவர்களே யோசித்திருப்பார்களா தெரியவில்லை. கணவரிடம் பணம் கேட்க வேண்டாம், எந்தக் கணக்கிலும் பதிவாகாது, யாருக்கும் எஸ்எம்எஸ் போகாது. வீட்டை விட்டுக் கிளம்பும் நாளில் டாக்ஸி ஆப் வேண்டாம், டவுன் பஸ்ஸில் போங்கள் என்றுதான் நான் சொல்லி வருகிறேன்.

சரி, தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது ஸ்டேஷனில் வழக்கமாகச் சொல்லும் யோசனை: 'சிம்மை உடைச்சுப் போடும்மா, போனை ரீசெட் பண்ணிடு.' தயவுசெய்து உடனே இதைச் சொல்லாதீர்கள். ரீசெட் செய்த நொடியில் சான்று போய்விடுகிறது. உளவுச் செயலி திடீரென்று மௌனமானால் அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்று அந்த ஆளுக்கும் தெரிந்துவிடுகிறது. பிரிந்து போகும் நாட்கள்தான் பெண்ணின் உயிருக்கு அதிக ஆபத்தான நாட்கள் என்பது உங்கள் வழக்கு டைரிகளைப் புரட்டினாலே தெரியும். பிடி நழுவுகிறது என்று உணர்ந்த ஆள் அந்த இரவே கிளம்பி வருவார். பெண் இன்னும் அதே வீட்டில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

அதனால் முதல் வேலை அந்தப் போனில் எதையும் மாற்றாமல் இருப்பதுதான். திட்டம் பேசுவது, வக்கீலுக்கு அழைப்பது, பெண்கள் உதவி எண்ணான 181க்கு அழைப்பது எல்லாம் வேறொருவர் போனிலிருந்து நடக்கட்டும். அக்கம்பக்கத்தில் நம்பிக்கையானவர் போன், அதுவும் இல்லையென்றால் நிலையத்து லேண்ட்லைன். அந்தப் போனின் திரையில் தெரிவதை இன்னொரு போனால் படம் எடுங்கள்: இணைக்கப்பட்ட சாதனங்கள், ஜிமெயில் கணக்கில் உள்ளே நுழைந்திருக்கும் கருவிகளின் பட்டியல், தெரியாத செயலி, மிரட்டல் செய்திகள், தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி. மின்னணுச் சான்றுக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும் என்பதை அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், வழக்கு விசாரணைக்கு வரும்போது அந்தப் போன் காயலான் கடைக்குப் போயிருக்கும்.

அப்புறம்தான் புதிது. பெண்ணின் பெயரிலேயே ஒரு சிம், முடிந்தால் ஒரு சாதாரணப் பட்டன் போனாவது. சுத்தமான போனில் புது ஜிமெயில். பழைய கணக்கிலிருந்து எதையும் இழுத்து வராமல், பழைய பாஸ்வேர்டின் சாயலே இல்லாமல். வங்கிக் கிளைக்கு நேரில் போய் நம்பரை மாற்ற வேண்டும். ஆதாருக்கு மையத்துக்கு நேரில் போனால் பழைய நம்பர் கையில் இல்லாமலேயே புது நம்பரைப் பதியலாம், கைரேகை போதும். பழைய போனைப் புது இடத்தில் ஒருபோதும் ஆன் செய்யக் கூடாது. அணைத்து, பையில் போட்டு, சான்றாக வைத்திருக்கலாம். பிள்ளையின் டேப், ஸ்மார்ட் வாட்ச் இரண்டையும் மறக்காதீர்கள். கோர்ட் உத்தரவுப்படி அப்பாவைப் பார்க்கப் போன பிள்ளை புது வாட்சோடு திரும்பி வந்தால், பிள்ளையின் கையிலேயே லொக்கேஷன் வந்துவிடுகிறது. அதைப் பிடுங்கி எறிந்து குழந்தையை அழவிட வேண்டாம். வக்கீல் வீட்டிலோ பாட்டி வீட்டிலோ வைத்துவிட்டு, சந்திப்புக்குப் போகும்போது மட்டும் கட்டி அனுப்பலாம்.

'சேர்ந்து வாழ்ந்தவங்கதானே, புருஷனுக்குப் பாஸ்வேர்டு தெரிஞ்சிருக்கத்தானே செய்யும், இதுல என்ன கேஸ்?' என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேஸ் இருக்கிறது. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு, ஒரு பெண்ணின் இணையம், மின்னஞ்சல், வேறெந்த மின்னணுத் தொடர்பையும் கண்காணிப்பதைப் பின்தொடர்தல் குற்றம் என்கிறது. முதல் முறைக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை, மறுமுறைக்கு ஐந்து ஆண்டுகள் வரை. கணவருக்கு விலக்கு என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. பழைய தண்டனைச் சட்டத்தில் 2013இல் 354டி என்று வந்ததுதான் இது, புதிதாக முளைத்த சங்கதி அல்ல. மனைவியின் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி இருக்கிறது.

நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 அக்டோபரில் சொன்னதை உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். பரமக்குடி நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்ட கணவர், மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அழைப்பு விவரங்களைச் சான்றாகக் கொடுத்தார். கணவன் மனைவிக்கு இடையிலும் அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்று சொல்லி நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. 2025 ஜூலையில் வேறொரு வழக்கில், மனைவிக்குத் தெரியாமல் பதிவு செய்த உரையாடலை விவாகரத்து வழக்கில் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. அதைக் காட்டி 'கணவர் வேவு பார்க்கலாம்' என்று ஸ்டேஷனில் வந்து வாதிடுகிறவர்களை இப்போதே பார்க்கிறேன். குடும்ப நீதிமன்றத்தில் எதைச் சான்றாக ஏற்கலாம் என்பது ஒரு கேள்வி. ஓடிப்போன பெண் படுத்துறங்கும் வீட்டை ஒருவர் போனில் பார்த்துக்கொண்டிருக்கலாமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. இரண்டையும் குழப்ப யாரையும் அனுமதிக்காதீர்கள்.

பாதுகாப்பு அலுவலர்களுக்குத் தனியாக இரண்டு விஷயம். பாதுகாப்பு ஆணை கேட்கும்போது, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் மின்னணுத் தொடர்பும் தொலைபேசியும் தடையில் ஏற்கனவே அடங்குகின்றன. ஆனால் 'தொடர்பு கொள்ளக் கூடாது' என்று மட்டும் எழுதினால், சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருப்பவர் தப்பிவிடுவார். அதே பிரிவில் நீதித்துறை நடுவர் குறிப்பிடும் வேறு எந்தச் செயலையும் தடுக்க இடம் இருக்கிறது. பெண்ணின் கணக்குகளில் நுழையக் கூடாது, போனிலோ வண்டியிலோ பிள்ளையின் பொருளிலோ இருப்பிடம் காட்டும் எதையும் வைக்கக் கூடாது, வைத்திருப்பதை எடுத்துவிட வேண்டும் என்று வரி வரியாகக் கேளுங்கள். ஆணையை மீறினால் 31ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறை. இரண்டாவது, முகவரி. மனுவின் நகல் கணவருக்குப் போகும், அதில் பெண்ணின் இப்போதைய வீட்டு எண்ணும் தெருவும் அச்சிட்ட மாதிரி இருக்கும். எத்தனை பேர் இதைக் கவனிக்கிறோம்? வக்கீல் அலுவலக முகவரியைக் கொடுக்க அனுமதி கேட்டு ஒரு குறிப்பு சேர்த்தால் போதும். அந்தச் சட்டத்து விதிகளின் ஐந்தாம் படிவமான பாதுகாப்புத் திட்டம், கையில் ஸ்மார்ட்போன் இல்லாத 2006இல் எழுதப்பட்டது. அதோடு போனுக்கும் கணக்குகளுக்கும் ஒரு தாளைச் சேர்த்துக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

விசாரணைக்கு அழைக்கும் முறையும் மாற வேண்டும். இருவரையும் காலை பத்து மணிக்கு ஒன்றாக வரச் சொல்கிறீர்கள். உள்ளே பேச்சு நடக்கும்போது வெளியே ஸ்டேஷன் வாசலில் பெண்ணின் ஸ்கூட்டி நிற்கிறது. கணவரோடு வந்த தம்பிக்கு அதன் அடியில் ஒரு பெட்டியை ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? தனித்தனி நேரம் கொடுங்கள். முடியாவிட்டால் பெண்ணை முதலில் அனுப்பிவிட்டு, கணவரை அரை மணி நேரம் உட்கார வையுங்கள். புகாருக்குக் கொடுக்கும் சிஎஸ்ஆர் ரசீதிலும் பெண்ணின் புது நம்பர் தெரிய வேண்டாம்.

1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டபோது, ஒரு பெண் யாருக்கும் தெரியாமல் உள்ளே வந்து புகார் சொல்லிவிட்டுப் போக முடிந்தது. இன்று அவர் படியேறும்போதே, எந்தப் படி என்பது வரை இன்னொருவருக்குத் தெரிய வாய்ப்பிருக்கிறது. நூற்றுக்கு 38 பெண்கள் கணவரிடம் வன்முறையை அனுபவித்ததாக ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் சொன்ன மாநிலம் நம்முடையது. அவர்களில் துணிந்து உங்கள் வாசல் வரை வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

காவல்துறைத் தலைமை இயக்குநர் அலுவலகத்துக்கும் இந்த மடலின் நகலை அனுப்புகிறேன். காணவில்லை புகாரில் கண்டுபிடிக்கப்பட்ட வயது வந்த பெண்ணின் இருப்பிடத்தை, அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் புகார்தாரர் உட்பட யாருக்கும் தெரிவிக்கக் கூடாது என்று எல்லா நிலையங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை வேண்டும். தெரிவித்தவர் மேல் துறை நடவடிக்கை உண்டு என்ற வரியும் அதில் வேண்டும். ஒவ்வொரு மகளிர் நிலையத்திலும் ஒரு காவலருக்காவது, மாவட்ட சைபர் குற்றப் பிரிவு அரை நாள் உட்காரவைத்து, வாட்ஸ்அப், கூகுள் கணக்கு, செயலி அனுமதிகள், ஜிபிஎஸ் கருவி இவற்றைப் பார்க்கக் கற்றுத்தர வேண்டும். சுற்றறிக்கை வரும் வரை காத்திருக்க முடியாத நிலையங்கள் அழைத்தால், நானும் என்னோடு வேலை செய்யும் பெண்களும் வந்து உட்கார்ந்து சொல்லித்தரத் தயார். எங்களுக்குப் போக்குவரத்துச் செலவும் வேண்டாம், டவுன் பஸ்ஸில் வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
சட்ட உதவித் தன்னார்வலர் ஒருவர்